சயாம் ரயில் பார்க்க அம்மாவோடு ஆறு நாள்

போய் வந்து ஒரு வாரம் ஆகிறது, முட்டி வலி இன்னும் போகவில்லை. அம்மாவுக்கு அல்ல, எனக்கு. எழுபத்து மூன்று வயது அம்மா திரும்பி வந்த மறுநாளே காலைச் சந்தைக்குப் போய்விட்டார். அங்கே இருக்கும்போது ஒவ்வொரு ராத்திரியும் கைப்பேசியில் குறித்து வைத்ததைத்தான் கொஞ்சம் சரிசெய்து இங்கே போடுகிறேன்.

மே 25, 2024, சனி: சுங்கை பட்டாணி – பாடாங் பெசார்

பள்ளி விடுமுறை. விமானத்தில் போனால் பேங்காக் இரண்டு மணி நேரம்கூட இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. "பெரியப்பா ரயில்லதானே போனாரு" என்று ஒரே பேச்சு. அதற்கு மேல் என்ன வாதாடுவது?

பெரியப்பா என்பது அம்மாவின் அப்பாவுக்கு அண்ணன். 1943-இல் மலாயாவில் சுங்கை பட்டாணி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் இருந்து, அதாவது தாய்லாந்தில் இருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லித்தான் கூப்பிட்டது. தாத்தாவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது, பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அவர் போனார். அவ்வளவுதான் வீட்டில் தெரிந்த கதை. எங்கள் தோட்டத்தில் "அவரு சயாமுக்குப் போயிட்டாரு" என்றால் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். சின்ன வயதில் நான் சயாம் என்பது செத்தவர்கள் போகும் ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொமுட்டர் ரயிலில் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார், அங்கே ஒரே கட்டடத்துக்குள் இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு மாலை தாய்லாந்து ரயில். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அது எனக்குத் தெரியும், ஆனால் அம்மாவின் கைக்கடிகாரத்துக்குத் தெரியாது, ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரிடம் மலாய் மொழியில் புகார் சொல்லி, அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு மணி வாக்கில் ஊழியர் ஒருவர் வந்து இருக்கையை இழுத்து, மடக்கி, வெள்ளைத் துணி விரித்துப் படுக்கை ஆக்கினார். ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை, எனக்கு மேலே. ஏர்கண்டிஷன் குளிர் எலும்பு வரை போனது, கொடுத்த போர்வை பத்தவில்லை. அம்மா பையில் இருந்து இன்னொரு கைலியை எடுத்து மேலே தூக்கிப் போட்டார். "கூட்ஸ் வண்டியில போனாங்களாம், இரும்புப் பெட்டி, பகல்ல கொதிக்குமாம்" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை.

மே 26, ஞாயிறு: நக்கோன் பாத்தோம் – காஞ்சனபுரி

காலையில் பான் போங் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். சிங்கப்பூர், மலாயாவில் இருந்து கைதிகளையும் கூலிகளையும் ஏற்றி வந்த வண்டிகள் அந்தப் பக்கம்தான் வந்து இறக்கின, அதற்கு மேல் பலரையும் காட்டுக்குள் நடக்க விட்டார்கள். பான் போங் கடந்தபோது அம்மா கழிவறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் திட்டு. சரி, திரும்பும்போது பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னேன்.

நக்கோன் பாத்தோமில் இறங்கினால் நிலையத்தில் இருந்தே அந்தப் பிரம்மாண்டமான தங்க நிறக் கோபுரம் தெரிகிறது. பிரா பாத்தோம் சேடி, 120 மீட்டர் உயரம். அதற்குப் போகும் வழியெல்லாம் மூங்கில் குழாயில் வேகவைத்த ஒட்டரிசி விற்கிறார்கள், நம் லெமாங் மாதிரி, ஆனால் இனிப்பு. ஒரு குழாய் 50 பாட். அம்மா 40-க்குக் கேட்டார், கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே 50-ஐ வாங்கிக்கொண்டு ஒரு சின்னக் குழாயைச் சும்மா கொடுத்தாள். அதுதான் எங்கள் பசியாறல்.

அங்கிருந்து காஞ்சனபுரிக்கு வேன். எங்களை எங்கேயோ ஒரு மூலையில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் கைகாட்டிய திசையில் இருபது நிமிடம் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். வெயில் கொளுத்தியது. ஊர்ப் பேர் மட்டும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காஞ்சனம் என்றால் பொன், அப்போ பொன்னூர் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் இடி மழை. விடுதிக்காரப் பெண் குடை கொடுத்தார், அதோடு நாளைய சுற்றுலாவுக்குப் பணமும் வாங்கிக்கொண்டார். ஆளுக்கு 1,900 பாட், நம் காசுக்கு ஏறக்குறைய 245 வெள்ளி (ரிங்கிட்). கல்லறை, பாலம், ஹெல்ஃபயர் பாஸ், மதியச் சாப்பாடு, மரண ரயிலில் (சயாம் ரயிலுக்கு வெள்ளைக்காரர்கள் சொல்லும் பேர்) ஒரு பயணம். துண்டு விளம்பரத்தில் "மரண ரயில்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு யானை சிரித்துக்கொண்டிருந்தது.

மே 27, திங்கள்: சுற்றுலா

ஏழரைக்கு வேன் வந்தது. உள்ளே எட்டுப் பேர். ஆஸ்திரேலியப் பெரியவர் ஒருவரும் அவர் மகளும், டச்சுக்கார இளம் ஜோடி, முன்னால் தொப்பியோடு தனியாக ஒரு ஆங்கிலேயர், நாங்கள் இருவர், அப்புறம் வழிகாட்டி. வழிகாட்டி ஐம்பது வயது தாய்லாந்துப் பெண். ஆங்கிலம் தெளிவாக இருந்தது. எங்களைப் பார்த்து "இந்தியா?" என்றார். "மலேசியா" என்றேன். "ஓ, மலேசியா" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

முதலில் போர்க் கல்லறை. ஊர் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் அந்த ஒழுங்கு நம்மைப் பிடித்துக்கொள்கிறது. புல்லை அளந்து வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் பூச்செடி, ஒரு சருகு கிடையாது. இங்கே மட்டும் 6,982 போர்க் கைதிகள். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஆட்கள், மீதி டச்சுக்காரர்கள். வழிகாட்டி நிழலில் நிறுத்திக் கதை சொன்னார். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது, கையில் ஆயிரக்கணக்கில் கைதிகள், ஜப்பானுக்கு பர்மாவில் இருக்கும் படைக்குச் சாமான் போகவேண்டும், மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல் விட்டால் நீர்மூழ்கிகள் அடிக்கின்றன. அதனால் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனையும் கொன்கொய்த்தா என்ற இடத்தில் சேர்ந்தன. சுமார் 60,000 கைதிகளில் 12,000-க்கும் மேல் செத்துப்போனார்கள்.

அப்புறம் அந்த வாக்கியம் வந்தது. "இவர்களோடு ஆசியத் தொழிலாளர்களும் இரண்டு லட்சம் பேர் வரை வேலை செய்தார்கள், அவர்களில் நிறைய பேர் இறந்தார்கள், பெயர்கள் தெரியாது." அடுத்த வாக்கியத்தில் எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவருக்குப் போய்விட்டார். டன்லப் உண்மையிலேயே பெரிய மனிதர், மருந்தே இல்லாத முகாமில் மூங்கிலை வைத்து வைத்தியம் பார்த்தவர், சொல்லவேண்டிய கதைதான். ஆனால் அவருக்கு இருபது நிமிடம், நாளெல்லாம் அங்கங்கே திரும்பத் திரும்ப வந்தார்.

"நம்ம ஆளுங்களப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நிறைய பேர் செத்தாங்கன்னு சொன்னாங்கம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கல்வரிசைக்குள் நடக்க ஆரம்பித்தார். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர், ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார், எண்கள் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, பெயரை விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "ஜூன் பதினொண்ணு, நாப்பத்து மூணு. வயசு இருபத்து நாலு." அடுத்தது. "செப்டம்பர் ரெண்டு, நாப்பத்து மூணு. முப்பத்தொண்ணு." முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு பத்துப் பதினைந்து கல் ஆனதும் நிமிர்ந்து, "எல்லாருக்கும் தேதி இருக்கு பாரு" என்றார்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குத் திதி கிடையாது. எப்படிக் கொடுப்பது, நாள் தெரிந்தால்தானே? நாள் தெரியாமல் போனவர்களுக்கு என்று மகாளய அமாவாசை இருக்கிறது. முதலில் தாத்தா, அவருக்குப் பின் அம்மா, வருடா வருடம் புரட்டாசியில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மற்ற எல்லாருக்கும் அவரவர் நாள், பெரியப்பாவுக்கு மட்டும் பொதுவில் ஒரு இலை.

அங்கே இரண்டு கல்லறைகளில் மட்டும் 300 பேரின் சாம்பல் சேர்ந்து இருக்கிறது. 1943 மே, ஜூனில் நியெக்கே முகாமில் காலராவில் போனவர்கள், தொற்று பரவாமல் இருக்க எரித்துவிட்டார்கள். அவர்களுக்கும்கூட மண்டபத்தில் பெயர்கள் உண்டு. இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களும் ஒரு பக்கம் இருக்கின்றன, தாய்லாந்தின் வேறு முஸ்லிம் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்கள். "இந்தியர் இருக்காங்கம்மா" என்று காட்டினேன். "இவங்க பட்டாளத்துக்காரங்க" என்றார். சரிதான். பட்டாளத்தில் பெயர்ப் பதிவு உண்டு. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) எழுதின நோட்டு எந்த அடுப்பில் போனதோ.

பக்கத்திலேயே ரயில்வே அருங்காட்சியகம். நன்றாகச் செய்திருக்கிறார்கள், நேரம் கொடுத்தது முக்கால் மணிதான். மலாயாவில் இருந்து மட்டும் 70,000-க்கும் மேல் ஆட்களைக் கொண்டு போனார்கள், அதில் பெரும்பாலும் தமிழர்கள். கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள், சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிவறையைத் தள்ளித் தோண்டு என்று சொல்ல ஆள் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் இல்லை, சில பேர் பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்கள் வேறு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது. மொத்த ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். ஒரு ஆயிரம் இப்படி அப்படி இருந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள் என்கிற மாதிரியான முழு எண். கைதிகள் பக்கம் 6,982 என்று கடைசி இரண்டு வரை எண்ணி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். நுழைவுச் சீட்டோடு மாடியில் ஒரு காப்பி தருகிறார்கள், கண்ணாடி வழியாகக் கல்லறையைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். அம்மா குடிக்கவில்லை, நான் குடித்தேன், நல்ல காப்பி.

அப்புறம் பாலம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" என்று உலகமே பார்த்த அந்தப் பழைய ஆங்கிலப் படத்தால் கூட்டம் வருகிறது, அந்தப் படத்தை எடுத்ததோ இலங்கையில் கித்துல்கலையில். ஆற்றுக்கே அப்போது வேறு பேர், மே குலோங். பயணிகள் வந்து குவாய் ஆறு எங்கே எங்கே என்று கேட்டுத் தொல்லை செய்ததால் 1960-களில் இந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பேர் மாற்றினார்களாம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவில் இருந்து கழற்றிக்கொண்டு வந்து மாட்டியவை. நடுவில் நேர்க்கோடாக இருக்கும் இரண்டு, குண்டு விழுந்து உடைந்ததால் போருக்குப் பின் போட்டவை. தண்டவாளம் மேல் ஒருவர் வயலின் வாசித்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். மாம்பழச் சாறு 40 பாட். வெயிலில் இரும்பைத் தொட்டால் கை சுட்டது.

பாலத்தில் இருந்து ஹெல்ஃபயர் பாஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல். வழியில் கரும்பு, மரவள்ளி, பின்னால் நீலமாக மலை. வேனில் ஆஸ்திரேலியப் பெரியவர் அம்மாவுக்கு மிட்டாய் கொடுத்தார், அம்மா பதிலுக்குக் கடலை உருண்டை கொடுத்தார், அவர் மலாய் மொழியில் "தெரிமா காசே", அதாவது நன்றி, என்றார். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். அவருடைய அப்பா இந்த ரயில் பாதையில் வேலை செய்து உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தவராம். மலாய் வார்த்தை நாலைந்து வீட்டில் புழங்குமாம்.

ஹெல்ஃபயர் பாஸில் இருக்கும் அருங்காட்சியகத்தை ஆஸ்திரேலிய அரசு 1998-இல் கட்டியது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவு இலவசம். அங்கிருந்து பள்ளத்துக்கு இறங்க மரப்படிகள், நான் எண்ணவில்லை, என் முட்டி எண்ணியது. பாதி வழியில் அம்மாவின் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அம்மா வளையலில் கோர்த்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் குத்தி, மாட்டி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார். ஆஸ்திரேலியரின் மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பெரியவர் மீதிப் படி முழுவதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். இருவரில் யார் யாரைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது சந்தேகம்தான்.

கீழே போனால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் வண்டி போகும் அகலம், அவ்வளவையும் கையால் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, துளை போட்டு வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து. அப்படி அடித்த துளைகளின் பாதி இன்னும் சுவரில் கோடு கோடாக நிற்கிறது. ஒரு இடத்தில் உளி முறிந்து பாறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, துருப்பிடித்து. 1943 ஏப்ரலில் தொடங்கி மழையிலும் இரவிலும் வேலை. ராத்திரி எண்ணெய் விளக்கும் மூங்கில் தீயும் வைத்து, அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான ஆட்கள் பாறையை அடிப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பேர்தான் நரக நெருப்புக் கணவாய். நடுவில் ஒரு மரம் முளைத்து வளர்ந்திருக்கிறது. அடியில் சின்னச் சின்ன ஆஸ்திரேலியக் கொடிகள், காகிதச் சிவப்புப் பூக்கள், யாரோ ஒரு தாத்தாவின் லாமினேட் செய்த போட்டோ.

பெரியவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார், நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அப்பா இருந்த முகாமுக்குக் கொஞ்ச தூரத்தில் தமிழர்கள் முகாம் ஒன்று இருந்ததாம். அதைப் பற்றி அவர் பேசினதே ஒரே ஒரு முறை, அதுவும் குடித்திருந்தபோது. "எங்களுக்கு டாக்டர் இருந்தார், அவர்களுக்கு யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாராம். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடலை உருண்டைப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார். முழுப் பொட்டலத்தையும்.

மதியச் சாப்பாடு ஆற்றோர உணவகத்தில். அம்மா திங்கட்கிழமை சைவம். காய்கறிப் பிரட்டல், முட்டை இல்லாமல், இறைச்சி இல்லாமல் என்று சொல்லிச் சொல்லி வந்த தட்டில் மீன் சாறு வாசம் மூக்கைத் துளைத்தது. திருப்பி அனுப்பினோம். மறுபடி வந்தது, மறுபடி வாசம். மூன்றாவது முறை வழிகாட்டி எழுந்து அடுக்களைக்கே போய் "ஜே, ஜே" என்று சொல்லி நின்று வாங்கி வந்தார். தாய்லாந்தில் சைவம் என்று சொல்லக்கூடாது, "ஜே" என்று சொல்லவேண்டும், சொன்னால் மீன் சாறு, பூண்டுகூடப் போடமாட்டார்கள். போகிறவர்கள் நினைவில் வையுங்கள். இது ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரை படித்தது வீண் போகாது.

வழிகாட்டி எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எங்கள் பாட்டனார் வழியில் ஒருவர் இந்த ரயிலில் செத்தவர், மலாயாத் தமிழர், அவர்களுக்கு என்று இங்கே ஒன்றும் இல்லையா? அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். காலையில் "மலேசியா" என்றபோதே கேட்டிருக்கவேண்டும் என்றார். இருக்கிறது, இரண்டு இடம், ஆனால் சுற்றுலாவில் சேர்ப்பதில்லை, யாரும் கேட்பதில்லை என்றார். கைதுடைக்கும் காகிதத்தில் படம் வரைந்து, தாய் எழுத்தில் ஓட்டுநரிடம் காட்ட ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார். காலை முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கடைசியாக தாம் கிராசே. பாறை ஒரு பக்கம், குவாய் நோய் ஆறு இன்னொரு பக்கம், நடுவில் மரத்தூண்கள் மேல் தொங்குகிற மாதிரி தண்டவாளம். ரயில் வரும்வரை எல்லாரும் அதன் மேல் நடந்து படம் எடுக்கிறார்கள். பக்கத்துக் குகையில் புத்தர். அம்மா குகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார், காரணம் பக்தி அல்ல, உள்ளே குளிர்ச்சி. ரயில் முக்கால் மணி தாமதம். வந்ததும் மரப் பெஞ்சு, திறந்த ஜன்னல், அந்த மரப்பாலத்தில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. மரம் முனகுகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. டச்சு ஜோடி வெளியே எட்டிப் பார்த்துக் கத்தியது, எனக்கும் கத்த வேண்டும் போல்தான் இருந்தது, அவ்வளவு அழகான இடம். அம்மா வெளியே பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூசிக்காகவா வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

மே 28, செவ்வாய்: சுற்றுலாவில் இல்லாத இடங்கள்

காகிதப் படத்தோடு கிளம்பினோம். முதலில் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றோரம், ஜப்பான்காரர்கள் வைத்த நினைவுத்தூண். 1944-இலேயே, போர் முடியும் முன்பே, ரயில்வே படைப்பிரிவு கட்டியது. தாங்களே சாகடித்துவிட்டுத் தாங்களே தூண் வைத்திருக்கிறார்கள். நேற்று இதற்குப் பக்கத்தில்தான் மாம்பழச் சாறு குடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஆள் இல்லை, ஒரு நாய் மட்டும். சுற்றிலும் பல மொழியில் கல்வெட்டு, அதில் ஒன்று தமிழ்.

அம்மா அதைப் பார்த்ததும் என் கையைக் கிள்ளினார். வலித்தது. முன்னால் போய் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தார். ஆங்கிலக் கல்லில் தேதியை மட்டும் படித்தவர், இங்கே ஒரு எழுத்தையும் விடவில்லை. இரண்டு முறை படித்தார். "கொன்னவன் தமிழ்ல எழுதி வச்சிருக்கான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அடுத்தது வாட் தாவோன் வராராம். ஊரில் வாட் யுவான் என்றால்தான் தெரிகிறது, வியட்நாம்காரர்கள் வழியில் வந்த கோவில். ஓட்டுநர் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், நேற்றுப் போன போர்க் கல்லறை நடக்கிற தூரம்தான்! இதற்கு ஒரு நிறுத்தம் போட சுற்றுலா வேனுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கோவிலுக்குள் ஒரு தூபி. போருக்குப் பின் இந்தப் பக்கம் கிடைத்த ஆசியத் தொழிலாளர் எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம். அருகில் தமிழ் அமைப்புகள் சமீபத்தில் நட்ட நடுகல். நடுகல் என்ற சொல்லைப் பள்ளியில் சங்க இலக்கியத்தில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன், ஆநிரை, வேல், பீலி என்று. ரப்பர் பால் வெட்டினவருக்கு ஒன்று நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

படையல் போடவேண்டும் என்றார் அம்மா. எனக்குத் திடுக்கென்றது, ஒன்றும் கொண்டு வரவில்லையே. "அவருக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றேன். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போனவரு. எனக்கு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். வெளியே தள்ளுவண்டியில் மாம்பழமும் ஒட்டரிசியும், 60 பாட். மே மாதம், மாம்பழம் தேனாக இருந்தது. அதை வாங்கி, வாழை இலைத் துண்டு கேட்டு வாங்கி, அதில் வைத்தார். தேங்காய்ப்பால் ஊற்றினார். ஊதுபத்தி கோவிலிலேயே இருந்தது. ஒரு இளம் துறவி தூரத்தில் நின்று பார்த்தார், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அம்மாவுக்குப் பின்னால் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கும்பிட்டு முடித்து அதில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன திதின்னு போன்ல பாரு."

பார்த்தேன். வைகாசி, தேய்பிறை பஞ்சமி.

"பஞ்சமி. எழுதிக்கோ. இனிமே இதுதான்."

"அம்மா, அது அவர் செத்த நாள் இல்லையே."

"யாரு பாத்தா? வைகாசியிலதான் காலரா வந்துச்சுன்னு நேத்து சொன்னாங்கல்ல. உனக்கும் ஸ்கூல் லீவா இருக்கும்."

மாம்பழத்தை அங்கேயே பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பிரசாதம்தானே. துறவிக்குக் கொடுக்கப் போனேன், மதியத்துக்கு மேல் சாப்பிடமாட்டாராம், கையால் சைகை காட்டிச் சிரித்தார்.

மே 29, 30: திரும்பல்

புதன் மாலை நக்கோன் பாத்தோமில் ரயில் ஏறினோம். இந்த முறை அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. நோங் பிளாடுக் என்ற சின்ன நிலையம் சட்டென்று கடந்தது, அங்கேதான் பாதை பிரிந்து காட்டுக்குப் போகிறது. ஒரு தண்டவாளம் வலப்பக்கம் வளைந்து மறைந்ததைக் காட்டினேன். அடுத்து பான் போங். பள்ளிச் சீருடையில் நாலு பிள்ளைகள், ஒரு ஐஸ் வண்டி, துவைத்துக் காயப்போட்ட துணிகள். "சின்ன ஊரு" என்றார்.

ராத்திரி சாப்பாடு வந்தபோது நான் சொல்வதற்குள் அம்மாவே ஊழியரைப் பார்த்து "ஜே" என்றார், சத்தமாக. இல்லை என்றார்கள். பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்தோம்.

வியாழன் காலை பாடாங் பெசாரில் நம் நாட்டுச் சிம் உயிர் பெற்றதும் அம்மா முதலில் சின்னம்மாவைக் கூப்பிட்டார். மீன் சாறு கதை, செருப்பு ஊக்குக் கதை, வெள்ளைக்காரத் தாத்தா தெரிமா காசே சொன்ன கதை என்று இருபது நிமிடம். பெரியப்பாவைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி. வைகாசி தேய்பிறை பஞ்சமி, காலண்டரில் எழுதி வை. காலண்டரில் அந்தக் கட்டத்தில் கேஸ் வாங்கின தேதி எழுதியிருக்கிறதாம். பக்கத்தில் சின்னதாக எழுது என்றார் அம்மா.